எது நசுங்குகிறது?

முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துபோன காலம் அது. அரிச்சல்முனை வரை சாலை வந்தது 2017-இல்தான். அதற்கு முன் தனுஷ்கோடி போக வேன் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். நான் இரண்டையும் விட்டுவிட்டு என் பழைய 100 சிசி பைக்கை மணலில் இறக்கினேன். ஐம்பது அடி போயிருப்பேன். பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. முறுக்க முறுக்கச் சக்கரம் தனக்கே குழி வெட்டிக்கொண்டு அச்சு வரை புதைந்தது. கீழே இறங்கினேன். ஸ்டாண்டு போடாமலே வண்டி நேராக நின்றது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு, “தம்பி, காத்த எறக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. “ரெண்டு டயர்லயும் பாதிக்குப் பாதி எறக்கு. அப்புறம் முறுக்காம மெதுவாப் போ.”

செய்தேன். வண்டி போயிற்று.

சைக்கிள் மிதித்த யாருக்கும் தெரியும், காற்று குறைந்தால் வண்டி இழுக்காது. தார்ச்சாலையில் பைக்குக்கும் அதே கதைதான். பெட்ரோலும் கூடக் குடிக்கும். அப்படியிருக்க, அதே காற்றுக் குறைவு மணலில் எப்படி வண்டியை இலகுவாக்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், சாலைக்கென்று பிறந்த ஒரு பழைய பைக்கை மண்பாதைக்கு எப்படிப் பழக்குவது என்பதில் பாதி தெரிந்த மாதிரி.

ஒரு சீட்டளவு நிலம்

என் வண்டி 110 கிலோ. நான் 70 கிலோ. மொத்தம் 180. ஓட்டுபவர் பின்தள்ளி உட்காருவதால் இதில் ஏறத்தாழ 110 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழுகிறது.

இந்த 110 கிலோவைத் தாங்குவது ரப்பர் அல்ல. உள்ளே இருக்கும் காற்றுதான் பெரும்பகுதியைத் தாங்குகிறது. பஞ்சர் கடையில் “முப்பது வைங்க” என்கிறோமே, அந்த 30 பிஎஸ்ஐ என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 2.1 கிலோ தள்ளுகிறது என்று பொருள். 110 கிலோவைத் தூக்கி நிறுத்த எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டும்? 110-ஐ 2.1-ஆல் வகுத்தால் 52 வருகிறது. டயர் அந்த அளவு தட்டையாகும் வரை நசுங்கி, பிறகு நிற்கிறது. தரையைத் தொடும் இந்தத் தட்டைப் பகுதியைத் தொடுதளம் என்று வைத்துக்கொள்வோம்.

52 சதுர சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் பரப்பு. வண்டி, ஆள், மூட்டை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும் பின்சக்கரத்துக்கும் பூமிக்கும் உள்ள உறவு அந்த ஒரு சீட்டு அகலம்தான். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பறக்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது காற்றைப் பாதியாக, 15 பிஎஸ்ஐக்கு இறக்குகிறோம். எடை மாறவில்லை. ஆகவே தொடுதளம் இரட்டிப்பாக வேண்டும். ஒரு சீட்டு இரண்டு சீட்டாகிறது. (டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அப்படியே துல்லியமாக வராது, போக்கு இதுதான்.) டயர் அகலத்தில் அவ்வளவாக விரிவதில்லை, நீளத்தில்தான் விரிகிறது. வட்டச் சக்கரம் ஒரு பாதம்போல நீண்டு படிகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆள் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறார். 30 பிஎஸ்ஐ டயர் அதைவிட நாலைந்து மடங்கு அழுத்துகிறது. அந்தப் பெரியவர் வலையோடு நடந்த மணலில் என் வண்டி புதைந்ததில் அதிசயமே இல்லை.

உழைப்பை யார் தின்பது?

ஆனாலும் பாதிப் புதிர் இன்னும் மிச்சம் இருக்கிறது. நசுங்கிய டயர் தாரில் வண்டியை இழுத்துப் பிடிக்கிறதே, மணலில் ஏன் பிடிக்கவில்லை?

ரப்பரை நசுக்கினால் அது திரும்பி எழும். ஆனால் நாம் கொடுத்த உழைப்பு முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பங்கை வெப்பமாக்கித் தானே வைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் பந்தைக் கீழே போட்டால் விட்ட உயரத்துக்கு எழும்பாததைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது டயரின் ஒவ்வொரு துண்டும் தட்டையாகி, மறுபடி வளைகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வரி கட்டுகிறது. காற்று குறைந்தால் நசுங்கல் அதிகம், வரியும் அதிகம். இதற்கு உருளல் தடை என்று பெயர்.

தார்ச்சாலை நசுங்காது. அங்கே வரி கட்டுவது டயர் மட்டும். மணலில் நிலைமை தலைகீழ். 30 பிஎஸ்ஐ டயர் கல்போல விறைப்பாக இருக்கிறது, மணல்தான் நசுங்குகிறது. நசுங்கிய மணல் ரப்பர்போலத் திரும்பி எழுந்து ஒரு பைசாகூடத் திருப்பித் தருவதில்லை. சக்கரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சிறு மேடு நிற்கிறது. தான் வெட்டிய பள்ளத்திலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்கிறது சக்கரம். சமதளம் என்று நாம் நினைக்கும் கடற்கரையில் வண்டி நிற்காமல் மலையேறுகிறது என்று சொல்லலாம்.

காற்றை இறக்கும்போது மணலுக்குப் பதில் டயரை நசுங்கச் சொல்கிறோம். டயர் கேட்கும் வரி மணல் கேட்பதைவிடச் சொற்பம். மண்பாதையில் டயர் நசுங்கட்டும், ஷாக் அப்சார்பர் நசுங்கட்டும், உங்கள் முழங்கால் மடங்கட்டும். நிலத்தை மட்டும் நசுக்காதீர்கள். இனி வரும் மாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு விதியின் கிளைகள்தான்.

ஓர் எச்சரிக்கை. கற்கள் நிறைந்த பாதையில் நான் 20-க்குக் கீழே இறக்குவதில்லை. காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் சிக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இன்னும் இறக்கினால் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றி, டியூபை இழுத்து, வால்வைக் கழுத்தோடு பிய்த்துவிடும்.

பட்டன் டயரும் களிமண்ணும்

மண்பாதைக்கென்றே செய்த பைக்குகள் சாலை பைக்குகளுக்குப் பிறகு வந்தவை. இங்கிலாந்தில் கேம்பர்லி அருகே 1924-இல் முதல் ‘ஸ்கிராம்பிள்’ பந்தயம் நடந்தபோது, சாலையில் ஓடிய வண்டிகளைத்தான் மேட்டிலும் சேற்றிலும் விரட்டினார்கள். பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கதை அதுதான்: சாலை வண்டியை வாங்கு, தேவையில்லாததைக் கழற்று, சைலன்சரை மேலே தூக்கு, டயரை மாற்று. 1963-இல் வந்த ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் முள்வேலியைத் தாண்டிப் பறக்கும் ஜெர்மன் ராணுவ பைக்கும், வேஷம் போட்ட ஒரு பிரிட்டிஷ் டிரையம்ப் சாலை வண்டிதான்.

இவற்றில் டயரை மாற்றுவதற்கு ஈடு எதுவும் இல்லை. தாரில் பிடிப்பு என்பது ரப்பருக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வு. மண்ணில் அது போதாது, ஏனென்றால் டயர் வழுக்காவிட்டாலும் அடியில் இருக்கும் மண்ணே பெயர்ந்து வழுக்கிவிடும். பட்டன் டயரில் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகள் மண்ணுக்குள் இறங்கி நிற்கின்றன. இரண்டு கட்டிகளுக்கு நடுவே ஒரு மண்பாளம் சிறைப்படுகிறது. இப்போது சக்கரம் வீணாகச் சுற்ற வேண்டுமானால் அந்தப் பாளம் முழுவதையும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்று வயலில் கால் கட்டைவிரலை ஊன்றி நடக்கிறவர் செய்வதும் இதேதான்.

கட்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் வேண்டும். நெருக்கமான கட்டிகளில் களிமண் அடைத்துக்கொண்டால் டயர் மறுபடி வழுவழுப்பான உருளை ஆகிவிடும். அதே இடைவெளிதான் தாரில் பகையாகிறது: தொடும் ரப்பர் குறைவு, கட்டிகள் நெளியும், மழை நனைத்த சாலையில் பிரேக் பிடித்தால் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடும். ஆகவே வாரத்தில் ஆறு நாள் தாரிலும் ஒரு நாள் தோட்டப் பாதையிலும் ஓடுகிற வண்டிக்கு, கட்டிகள் தாழ்வாகவும் நடுவில் நெருக்கமாகவும் உள்ள நடுத்தர வகை டயரே போதும். 18 அங்குலச் சக்கரத்துக்கு அது எளிதாகக் கிடைக்கும். வண்டிக்குரிய அளவைவிட அகலமானதைத் திணிக்காதீர்கள். செயினிலும் ஸ்விங் ஆர்மிலும் உரசும்.

டயரைப் போட்டபின் மட்கார்டைப் பாருங்கள். சாலை வண்டியில் முன் மட்கார்டு சக்கரத்தை ஒட்டி, இரண்டு விரல் இடைவெளியில் இருக்கும். கரிசல் சேறு அதற்குள் அப்பிக்கொண்டு, முன்சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதை மழைக்காலத்தில் கரிசல் காட்டில் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள். குச்சியால் நோண்டி நோண்டிப் போனவர்களும் உண்டு. தாங்கியைச் சற்று உயர்த்தி இடைவெளியைக் கூட்டினால் தீர்ந்தது. உள்ளூர் வெல்டிங் பட்டறை வேலை.

ஒரு பல் குறைந்தால்

சிறுமலைத் தோட்டப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் மேலே தோட்டங்களுக்குப் பிரியும் பாதைகள் மண்ணும் கல்லும்தான். வாழையும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இறங்கும் ஊர் அது. அங்கே ஓர் ஏற்றம்: 5 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயர்கிறது. 180 கிலோவை ஏற்ற, எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 36 கிலோ அளவு தள்ளுவிசை வேண்டும்.

பின்சக்கரம் எவ்வளவு தள்ள முடியும்? தளர்ந்த மண்ணில் சக்கரத்தின் மேல் உள்ள எடையில் பத்தில் நான்கு பங்கு பிடிப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44 கிலோ. தேவை 36, நிலம் அனுமதிப்பது 44. முதல் கியரில் முழுதாக முறுக்கினால் 100 சிசி இன்ஜின்கூட 44-ஐப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளிவிடும். மிச்சம் எல்லாம் என்ன ஆகும்? சக்கரம் பள்ளம் வெட்டும்.

ஆக, வண்டிக்குப் பலம் போதவில்லை என்பது பொய். இருக்கும் பலமே நிலத்துக்கு அதிகம். இன்ஜினைத் துளைத்துப் பெரிதாக்கிக்கொண்டு மலையேறப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது சேற்றை இன்னும் உயரமாகத் தெறிக்கவிடும் திறனை.

நமக்குத் தேவை 36-க்கும் 44-க்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய சந்தில் சீராக நடப்பது. ஆள் நடக்கும் வேகத்தில் போகும்போது இன்ஜின் சுழற்சி குறைந்து திணறும். அதைச் சமாளிக்கப் பாதி கிளட்ச் பிடிப்போம். வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். ஒவ்வொரு வெட்டிலும் விசை 44-ஐத் தாண்டும். கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வந்துவிட்டால் அன்றைய பயணம் முடிந்தது.

இங்கேதான் ஸ்ப்ராக்கெட் என்ற செயின் பல்சக்கரம் உதவுகிறது. என் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42. முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 13 பல் போட்டால் இந்த 3 என்பது 3.23 ஆகிறது. முதல் கியரில் இன்ஜின் திணறாமல் போகும் குறைந்த வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராக இருந்தது, ஏழரைக்குச் சற்றுக் கீழே வருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஓட்டினால் தெரியும்: கிளட்சைத் தொடாமல் கடக்கும் இடங்கள் கூடுகின்றன, முன்பு முதல் கியர் கேட்ட ஏற்றத்தை இரண்டாவதிலேயே ஏறலாம். பின்னால் 42-ஐ 45 ஆக்கினாலும் ஏறக்குறைய இதே பலன்தான். முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். முன்னதுக்குச் செலவு குறைவு. ஆனால் சிறிய வட்டத்தில் செயின் கூர்மையாக மடங்குவதால் சீக்கிரம் தேயும்.

விலை என்ன? நெடுஞ்சாலையில் மணிக்கு 60-இல் ஓடிய அதே சுழற்சியில் இப்போது 56-தான் போகும். பழைய 100 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் வேகமானி முன்சக்கரத்திலிருந்து கேபிளில் இயங்குவதால், ஸ்ப்ராக்கெட்டை மாற்றினாலும் அது பொய் சொல்லாது.

எழுந்து நின்றால்

ஸ்பிளெண்டர் வகை 100 சிசி வண்டிகள் சாலைக்காகச் செய்யப்பட்டவை. அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 160 மில்லிமீட்டரை ஒட்டிய உயரம். மண்பாதைக்கென்றே வரைந்து 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் அது 220. முன்சக்கரம் மேலும் கீழும் 200 மில்லிமீட்டர் ஆடலாம். இந்த வித்தியாசத்தை மெக்கானிக் கடையில் வாங்க முடியாது. நீளமான ஷாக் அப்சார்பர் போட்டுப் பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் பதற்றமாகும், பக்க ஸ்டாண்டு எட்டாது, செயின் கோணம் மாறும். வேண்டாம்.

பழைய வண்டியில் செய்ய வேண்டியது வேறு. ஃபோர்க்குக்குள் இருக்கும் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே பிதுங்கிப் போவதால்தான் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. இதை அதிர்வடக்கம் என்பார்கள். பத்து வருடம் மாற்றாத எண்ணெய் தண்ணீராகி, ஸ்பிரிங் கோவில் யானையின் காதுபோல ஆடிக்கொண்டிருக்கும். துள்ளும் சக்கரம் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் பிடிப்பு பூஜ்யம். ஆயில் சீலும் எண்ணெயும் மாற்றுங்கள். தேய்ந்த ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை மாற்றுங்கள். இதற்கு ‘மாடிஃபிகேஷன்’ என்று பெயர் இல்லை என்பதால் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. பலன் மட்டும் பல மாற்றங்களை விட அதிகம்.

மிச்ச ஷாக் அப்சார்பர் உங்களிடமே இருக்கிறது. 180 கிலோவில் 70 கிலோ நீங்கள். உட்கார்ந்திருக்கும்போது வண்டி ஒவ்வொரு கல்லிலும் அந்த 70-ஐயும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று முழங்காலைத் தளர்த்தினால் வண்டி உங்களுக்குக் கீழே தனியாக ஆடிக்கொள்ளும். நின்றால் எடைமையம் தாழ்கிறது என்று பலர் சொல்வது தவறு. உங்கள் உடல் உயரத்தான் செய்கிறது. வண்டியோடு ஒட்டியிருந்த எடை விடுபடுவதே உண்மையான ஆதாயம். அதற்குத் தோதாக ஹேண்டில் பாரை ஓரிரு அங்குலம் உயர்த்துங்கள். கேபிள்கள் இழுபடாமல் இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சேற்றுக் காலில் வழுக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரைக் கழற்றிப் பல் வைத்த இரும்பைப் போடலாம்.

அடியில் ஒரு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, ஆயில் போல்ட்டைக் கல்லிலிருந்து காக்கும். இந்த வகை இன்ஜின் ஏறக்குறைய படுத்த நிலையில் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சேறு நேராக அதன் குளிர்ச்சிப் பட்டைகளில் அப்பும். தகட்டில் காற்றுக்கு வழி விடுங்கள், வீடு வந்ததும் சேற்றைக் கழுவுங்கள்.

ஓடையில் இறங்குமுன்

காற்றை நசுக்கலாம். தண்ணீரை இன்ஜினால் நசுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் மேலே வந்து சுவரில் முட்டிய மாதிரி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். ஆகவே ஃபில்டர் பெட்டியின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு சாண் கீழேயே உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். என் அளவு, சக்கரத்தின் அச்சு. அதற்கு மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுவேன். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் உடனே உதைக்காமல், தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது.

கழற்றக் கூடாதவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. சேஸியை வெட்டுவது, வேறு இன்ஜின் ஏற்றுவது, சைலன்சரைக் குடைவது எல்லாம் அதில் சிக்கும். எடை குறைக்கிறேன் என்று முதலில் சேலை கார்டைக் கழற்றி எறிகிறார்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. உங்கள் வீட்டுப் பெண்கள் அந்த வண்டியில் ஏறுவார்களென்றால் விதியே தேவையில்லை.

இந்த அத்தியாயத்தில் சொன்ன அத்தனை வேலையிலும் மிக முக்கியமான கருவி கையால் அடிக்கும் ஒரு சைக்கிள் பம்பு. மண்பாதை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இறக்கிய காற்றை மறுபடி அடித்துக்கொண்டு கிளம்புங்கள். நான் தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய அன்று பம்பு எடுத்துப் போகவில்லை. ராமேஸ்வரத்தில் முதல் பஞ்சர் கடை வரும் வரை, நசுங்கிய டயரோடு மணிக்கு இருபதில் ஊர்ந்துதான் வந்தேன்.